மூங்கிலடி பற்றி ராஜநாகத்தின் அபிப்பிராயம்

'மனித குலத்தின் வரலாறு இன்றுமுதல் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது என்பதை மூங்கிலடி ஊர்நலச் சங்கம் அகிலத்துக்குப் பெருமிதத்துடன் அறிவித்துக்கொள்கிறது: ராஜநாகம் நம்மைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முந்தைய காலம், சொன்னதற்குப் பிந்தைய காலம். வரும் வெள்ளிக்கிழமை காலை, மூங்கில் பாதையில், அரசு ஆணையத்தின் முன்னிலையில், நமது குலக்காவலி, வனப் பேரரசி ராசாத்தி அவர்கள் நம் ஊரைப் பற்றிய தமது மேலான அபிப்பிராயத்தை உலகுக்கு வழங்குவார்கள். அனைவரும் குளித்துவிட்டு வரவும்.'

இந்தச் சுவரொட்டியின் வாசகத்தை எழுதியவர் சங்கத் தலைவர் தவசிலிங்கம். கடைசி வரியை மட்டும் சேர்த்தது அவர் மனைவி செண்பகவல்லி. அச்சாகி வந்து ஊரெல்லாம் ஒட்டிய பிறகுதான் தலைவர் கவனித்தார். அதற்குள் ஊரில் பாதிப் பேர் குளித்திருந்தார்கள்.

மூங்கிலடி என்ற ஊர் மலையின் தென்கோடியில் இருந்தது. ஐந்து தலைமுறைக்கு முன்னால் தேயிலை நடுவதற்கென்று கீழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் ஊர். பிறகு தேயிலை போயிற்று, கம்பெனி போயிற்று, பஸ் போயிற்று. ஊர்க்காரர்கள் போகவில்லை. ஏலக்காயும் மிளகும் போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். எதிர்மலையில் வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட தைல மரங்களை, 'இந்த மண்ணுக்குச் சொந்தமானவை அல்ல' என்று சொல்லி ஆணையத்தார் போன வருடம் நம்பர் போட்டு ஒன்று விடாமல் அறுத்துத் தள்ளியபோது, மூங்கிலடிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து முறுக்குத் தின்றபடி வேடிக்கை பார்த்தார்கள். "பொறத்தி மரந்தான, வெட்டட்டும்" என்று தவசிலிங்கம் தீர்ப்பும் சொன்னார்.

அந்த ஆணையத்துக்கு உடன்வாழ்வு ஆணையம் என்று பெயர். காடுகள் சுருங்கிச் சுருங்கிக் கைக்குட்டை அளவுக்கு வந்த பிறகு, அரசாங்கத்துக்குத் திடீரென்று விலங்குகளின் மேல் மரியாதை வந்துவிட்டது. சட்டம் ஒன்று போட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் ஊர் காட்டுக்குள்ளேயே இருக்கலாமா என்பதை, அந்தக் காட்டின் தலையாய விலங்கு சொல்ல வேண்டும். விலங்கு எப்படிச் சொல்லும்? அதற்குத்தான் இசைவுமானி என்ற கருவி. அது விலங்கின் மூளையிலிருந்து நேரடியாகச் சம்மதத்தை எடுத்துவிடும்.

பக்கத்து ஊரான ஊத்துப்பாறைக்குக் காட்டுமாடு வாய்த்தது. கருவியை வைத்துப் பார்த்ததில் காட்டுமாடு ஊத்துப்பாறைக்காரர்களை அடியோடு வெறுப்பது தெரியவந்தது. இப்போது அவர்கள் கீழே, சிமெண்டு அடுக்குவீட்டின் பதினான்காம் மாடியில் இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு பதினான்காம் மாடி தெரியுமாம். இன்னோர் ஊருக்குக் கருமந்தி. அது ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஆணையரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, அவரையே வெகுநேரம் ஆராய்ந்தது. கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மூங்கிலடிக்கு ராஜநாகம் வாய்த்தது. செய்தி வந்த அன்று ஊரில் வெடி போட்டார்கள்.

ஏனென்றால் ராஜநாகம் அவர்களுக்கு அந்நியமில்லை. பதின்மூன்று அடி நீளம். எழுந்து நின்றால் ஆளை நேருக்கு நேர் பார்க்கும். சீறினால் நாய் உறுமுவது போலிருக்கும். அதற்குச் சாப்பாடே பாம்புதான். சாரையையும் நல்ல பாம்பையும் முழுசு முழுசாக விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளாமல் போய்விடும். வருடா வருடம் சித்திரையில், மூங்கில் பாதைக்கு அருகில், உதிர்ந்த மூங்கில் இலைகளை உடம்பாலேயே வளைத்து வளைத்துக் கூட்டி, முழங்கால் உயரத்துக்குக் கூடு கட்டும். உலகத்தில் இத்தனை பாம்பு இருந்தும் கூடு கட்டத் தெரிந்தது இது ஒன்றுதான். உள்ளே முட்டைகள். மேலே சுருண்டபடி அது. பட்டினி கிடந்து, மழைக்கும் கீரிக்கும் மரநாய்க்கும் காவல் இருக்கும். குஞ்சு பொரிக்கப் போகிற சமயத்தில் எழுந்து போய்விடும். பொரிந்து வருகிறவையும் பாம்புதான், அதன் சாப்பாடும் பாம்புதான். பெற்ற பிள்ளையிலேயே கைவைத்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை என்று ஊரில் விளக்கம் உண்டு.

ஊர் அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தது. ராசாத்திக்கும் மூங்கிலடிக்கும் ஓர் ஒப்பந்தம். மூங்கில் பாதையில் நுழையும் யாரும் கையில் இருக்கும் கம்பால் தரையைத் தட்டி, தன் வம்சத்தைச் சொல்ல வேண்டும். எங்கிருந்து மலையேறி வந்த யாருடைய வழி, யார் மகன், இன்னார் வருகிறேன் என்று. ஊரில் புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள்கூட மூங்கில் பாதையில் மட்டும் உரக்கச் சொல்வார்கள். சொன்னால் ராசாத்தி வழிவிடும். குடிபோதையில் அப்பன் பெயரை மாற்றிச் சொன்ன ஒருவனை அது மரத்தில் ஏறும்வரை விரட்டியதாக ஒரு வரலாறு இருக்கிறது. தபால் கொண்டுவரும் டிரோனும் பாதைக்கு மேலே வந்ததும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று தவசிலிங்கம் மேலிடத்துக்கு ஒரு மனு போட்டிருந்தார்.

இந்தப் பெருமையில் ஒரே ஒரு கீறல். அதன் பெயர் செல்லையா.

ஊரின் நீர்மின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். எட்டு வருடத்துக்கு முன் ஒரு வைகாசியில், சக்கரத்துக்கு வேண்டிய இரும்பு உருளையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துச் சுமந்துகொண்டு மூங்கில் பாதையில் வந்தவர், ஊருக்குள் வந்து சேரவில்லை. ராசாத்தி தொட்டுவிட்டது. கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மலைப்பாதையின் முதல் வளைவைத் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுபோயிற்று.

ஊர் கூடி யோசித்தது. ராசாத்தி தப்புச் செய்யாது. அப்படியானால் செல்லையா தப்புச் செய்திருக்க வேண்டும். வம்சத்தைச் சொல்லாமல் வந்திருப்பான் என்றார்கள் சிலர். ஊருக்கு ஏதோ துரோகம் செய்திருக்கிறான், அது பாம்புக்குத் தெரிந்திருக்கிறது என்றார்கள் மற்றவர்கள். தவசிலிங்கம் மைக்கைப் பிடித்து, "ராசாத்தி காரணமில்லாம ஒருத்தரைத் தொட மாட்டா" என்று அறிவித்தார். அதோடு முடிந்தது. அம்மன் கொடைத் திருவிழாவில், ஊரில் இறந்தவர்களின் பெயரையெல்லாம் சொல்லும்போது செல்லையாவின் பெயரைத் தாண்டிப் போனார்கள். அந்தப் பெயர் மூங்கில் பாதையில் கேட்கக் கூடாது என்று அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கும் சொல்லிவிட்டார்கள். அவள் அன்றுமுதல் கம்பை மட்டும் தட்டிக்கொண்டு, வாயை மூடியபடி போய்வந்தாள். எட்டு வருடம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை யாரும் ஓர் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆணையம் வியாழக்கிழமையே வந்து இறங்கியது. ஆணையம் என்றால் முனைவர் மேகநாதனும், கருவியைச் சுமந்துகொண்டு பர்வீன் என்ற தொழில்நுட்பப் பெண்ணும். மேகநாதன் வண்டியிலிருந்து இறங்கியதும் மலையைப் பார்த்து, "அருமையான வளாகம்" என்றார்.

தவசிலிங்கம் சால்வை போர்த்தினார். மேகநாதன் பதிலுக்கு ஒரு சால்வை கொண்டுவந்திருந்தார். இரண்டு பேரும் சால்வைக்குள் இருந்தபடி ஒருவரையொருவர் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

"இது எப்படிம்மா வேலை செய்யுது?" என்று பர்வீனிடம் கேட்டார் தவசிலிங்கம்.

"ரொம்ப சிம்பிள் சார். போன மாசமே எங்க டாக்டர் வந்து பாம்பை மயக்கி, தலைக்குப் பின்னாடி தோலுக்கு அடியில ஒரு சின்ன சில்லு வெச்சிட்டுப் போனார். அரிசி மாதிரி இருக்கும். பாம்பு எதையாவது பார்த்தா, முகர்ந்தா, மூளையில ஒரு அலை வரும் இல்ல? அதை அது அனுப்பும். இரையைப் பார்த்தா ஒரு மாதிரி, எதிரியைப் பார்த்தா ஒரு மாதிரி, ஜோடியைப் பார்த்தா ஒரு மாதிரி. எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சிருக்கோம். நீங்க நடக்கும்போது எந்த அலை வருதுன்னு ஒப்பிட்டு, திரையில ஒரு வார்த்தையா காட்டும்."

"உறவுன்னு காட்டுமா?"

"அப்படி ஒண்ணு இருந்தா காட்டும் சார்."

"அதென்ன, இருந்தா?"

மேகநாதன் தொண்டையைச் செருமினார். "ஐயா, விஞ்ஞானம் என்பது ஒப்பீடு. பாம்புக்குப் பிடித்தவர்கள் மட்டும் நடந்தால் போதாது. பாம்புக்குப் பிடிக்காதவர் என்று ஊரில் யாரேனும் உண்டா? அவரும் நடக்க வேண்டும். இருவருக்கும் வேறுபாடு தெரிந்தால் உங்கள் ஒப்பந்தம் நிரூபணம். தெரியாவிட்டால்…" கையால் மலையின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார்.

ஊர் மொத்தமும் திரும்பி, மூலையில் இருந்த ஒரு வீட்டைப் பார்த்தது.

எட்டு வருடத்துக்குப் பிறகு தவசிலிங்கம் தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசலில் நின்றார். செண்பகவல்லி கூட வந்திருந்தாள். ஊரில் தங்கபுஷ்பத்தோடு பேச்சை நிறுத்தாத ஒரே ஆள் அவள்தான். அதனால் அவள் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். தலைவர் வாசலிலேயே நின்றார்.

"ஊருக்கு ஒரு காரியம்" என்று ஆரம்பித்தார்.

தங்கபுஷ்பம் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு நானும் நடக்கணும். பாம்பு என்னையப் பாத்துச் சீறணும். சீறினா ஊரு பொழைக்கும், எம் வீட்டுக்காரரு துரோகின்னு கவர்மெண்டே முத்திர குத்திரும். சீறலைன்னா அவரு நல்லவரு. ஊரு பதினாலாம் மாடிக்குப் போயிரும். அப்படித்தான?"

"அப்படின்னு இல்ல…"

"அப்படித்தான். இப்ப நான் எதுக்குன்னு சாமி கும்பிட? அதைச் சொல்லுங்க."

தவசிலிங்கம் பொதுக்கூட்டத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர். இப்போது கதவு நிலையைத் தடவிப் பார்த்து, "நல்ல தேக்கு" என்றார்.

உள்ளேயிருந்து செண்பகவல்லி, "ஏ மைனி, அவுக கிட்டயா இதைக் கேக்கிய? எங்க வீட்டுல தண்ணி வரலைன்னு நான் சொன்னாலே சங்கத்துல தீர்மானம் போட்டுட்டுதான் வாளியத் தூக்குவாவ" என்றாள்.

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாரேன். ஊருக்காக இல்ல. எனக்குத் தெரிஞ்சாகணும். அந்தப் பாம்புக்கு எம் வீட்டுக்காரரு மேல என்ன கோவம்னு எட்டு வருசமா யோசிச்சுப் பாக்கேன். ஒண்ணும் பிடிபடலை."

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஊர் முழுதும் குளித்திருந்தது. மூங்கில் பாதையின் ஓரத்தில் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் எல்லோரையும் நிறுத்தினார்கள். பாதையிலிருந்து முப்பதடி தள்ளி, இலைக்குவியல் கூட்டின் மேல், பழைய டயரைப் போலச் சுருண்டு கிடந்தது ராசாத்தி. நாக்கு மட்டும் வந்து வந்து போனது. பர்வீன் மேஜை மேல் திரையை வைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பினாள்.

முதலில் தவசிலிங்கம். வேறு யாரையாவது முதலில் விட்டிருந்தால் அது செய்தி. வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, பூண் போட்ட கம்பு. தரையைத் தட்டினார். குரலை ஏற்றினார்.

"கயத்தாத்துல இருந்து மலையேறி வந்த கங்காணி பெரியமாடன் வழியில, ஊர்க்காவல் சுப்பையா பேரன், சண்முகவேலு மகன், சங்கத் தலைவர் தவசிலிங்கம் வாரேன், ராசாத்தீ!"

மலை எதிரொலித்தது. ராசாத்தி எதிரொலிக்கவில்லை. திரையில் ஒரு வார்த்தை வந்தது.

மரம்.

"என்னம்மா அது?" என்றார் தவசிலிங்கம், பாதையில் நின்றபடியே.

"மரம்னு வருது சார். காத்துல ஆடுற மரத்தைப் பார்க்கும்போது என்ன அலை வருமோ அதேதான்."

"மிஷின்ல கோளாறு. திரும்பப் போடும்மா."

திரும்ப நடந்தார். இந்த முறை பெரியமாடனுக்கு முந்தைய இரண்டு தலைமுறையையும் சேர்த்துக்கொண்டார். மரம். பிறகு துணைத் தலைவர் நடந்தார், பொருளாளர் நடந்தார், ஊரே ஒவ்வொருவராக நடந்தது. கீழ்நாட்டின் ஊர்ப் பெயர்களெல்லாம் மூங்கில் பாதையில் ஒலித்தன. கயத்தாறு, கழுகுமலை, கடம்பூர். எல்லாவற்றையும் கருவி பக்தியோடு பதிவு செய்துகொண்டது. மரம், மரம், மரம். செண்பகவல்லி தன் புருஷன் பெயரைச் சொல்லி நடந்தபோது மட்டும் நடுவில் ஒரு நொடி 'வெயில்' என்று வந்தது. மேகம் விலகியிருந்தது.

கடைசியில் தங்கபுஷ்பம்.

அவள் கம்பைத் தட்டினாள். நான்கு அடி நடந்தாள். பிறகு நின்று, எட்டு வருடம் மூடியிருந்த வாயைத் திறந்தாள்.

"செல்லையா" என்றாள். சற்றுப் பொறுத்து, "செல்லையா பொண்டாட்டி வாரேன்."

ஊரோ வம்சமோ எதுவும் சேர்க்கவில்லை. கயிற்றுக்குப் பின்னால் ஊர் திரையைப் பார்த்தது. தவசிலிங்கம் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பாம்பு சீற வேண்டும் என்று அம்மனை வேண்டினார்.

மரம்.

தங்கபுஷ்பம் பாதையின் மறுமுனைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டாள்.

தவசிலிங்கத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. ஐந்து தலைமுறை. ஓர் ஒப்பந்தம். பதினான்காம் மாடி. அவர் கம்பைக் கயிற்றோரம் போட்டுவிட்டு, பாதையை விட்டு இறங்கி, நேராகக் கூட்டை நோக்கி நடந்தார். "கிட்டப் போனாத் தெரியும். என் முகத்தைப் பாத்தாத் தெரியும்!"

"சார்! போகாதீங்க சார்!"

"என்னங்க! ஏங்க!" என்று செண்பகவல்லி கத்தினாள். ஊரே கத்தியது. முனைவர் மேகநாதன் மேஜை மேல் ஏறினார்.

ராசாத்தி எழுந்தது. அவசரமில்லாமல், கயிறு தானாக நிமிர்வதைப் போல, தவசிலிங்கத்தின் நெஞ்சு உயரத்துக்கு எழுந்து, படத்தைக் குறுக்கி நீட்டி நின்றது. அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். தவசிலிங்கம் அதன் கண்ணை அவ்வளவு அருகில் பார்த்ததில்லை. அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்ல வாய் திறந்தார். கங்காணி பெரியமாடனில் ஓர் எழுத்துக்கூட வரவில்லை.

திரையில் வார்த்தை மாறியது. பர்வீன் மட்டும்தான் அதைப் பார்த்தாள். முட்டை.

பாதையின் மறுமுனையிலிருந்து தங்கபுஷ்பம் கம்பால் தரையை ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். அடி அடியென்று அடித்தாள். ஊர் போட்ட கூச்சலுக்கு அசையாத தலை, தரை அதிர்ந்த பக்கம் திரும்பியது.

"அண்ணாச்சி, பின்னாலயே வாங்க. ஓடாதிய. பின்னாலயே."

தவசிலிங்கம் பாம்பைப் பார்த்தபடியே பின்னோக்கி அடிவைத்து வந்தார். கயிற்றைத் தாண்டியதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நான் சோதிச்சுப் பாத்தேன்" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

ராசாத்தி தலையை இறக்கி, இலையின் மேல் மோவாயை வைத்துக்கொண்டது.

தங்கபுஷ்பம் சுற்றி வந்து பர்வீன் முன்னால் நின்றாள். "இப்ப அவுகளைப் பாத்து எந்திரிச்சுதே, அப்ப என்ன வந்துச்சு?"

"முட்டைன்னு வந்துச்சு அக்கா. அவரைப் பத்தி ஒண்ணுமே இல்ல. எதிரின்னுகூட இல்ல. முட்டைக்கும் அவருக்கும் நடுவுல எவ்வளவு தூரம், அவ்வளவுதான் அதோட யோசனை."

"எம் வீட்டுக்காரரையும் இப்படித்தானா?"

பர்வீன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அக்கா, நாங்க பேசற பேச்சு அதுக்குச் சரியா கேக்கவே கேக்காது. பேர், அப்பா பேர் எதுவுமே. கம்பு தட்டுற அதிர்வு தெரியும். அது தெரிஞ்சா தானா ஒதுங்கிக்கும். அவர் கையில அன்னைக்குக் கம்பு இருந்துச்சா?"

"ரெண்டு கையிலயும் உருளை இருந்துச்சு."

"அவ்வளவுதான் அக்கா. கோவமும் இல்ல, தண்டனையும் இல்ல. அவர் கால் வெச்ச இடத்துல அது இருந்திருக்கு." பிறகு, சொல்லலாமா என்று யோசித்துச் சொன்னாள். "இன்னொண்ணு. இந்தப் பாம்புக்கு ஆறு வயசுக்கு மேல இருக்காது. எங்க டாக்டர் சோதிச்சார். உங்க வீட்டுக்காரர் இறந்தப்போ இது பொறக்கவே இல்ல."

ஐந்து தலைமுறையின் குலக்காவலிக்கு ஆறு வயது என்ற செய்தி கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவிக்கொண்டு போனது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செண்பகவல்லி போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மனிதனுடைய பெயரை எட்டு வருடம் புதைத்துவைத்தது பாம்பல்ல என்று கணக்குப் போட, இசைவுமானி தேவைப்படவில்லை.

மேகநாதன் மேஜையிலிருந்து இறங்கி, சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "சிக்கல். சட்டத்தில் நட்பு இருக்கிறது, பகை இருக்கிறது. அலட்சியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை." மேலும் புரட்டினார். முகம் மெல்ல மலர்ந்தது. "ஆகா! பிரிவு இருக்கிறது! தலையாய விலங்கு எவற்றை வனத்திலிருந்து வேறுபடுத்தி அறிவதில்லையோ, அவை வனத்தின் பகுதியே ஆகும். ஐயா, நீங்கள் வனம்! இன்னும் துல்லியமாகச் சொன்னால், தாவரம். வனத்திலிருந்து தாவரத்தை யார் வெளியேற்ற முடியும்? தாவரம் என்று ஒப்புக்கொண்டு ஊர் முழுதும் கையெழுத்துப் போட்டால் போதும். இங்கேயே இருக்கலாம்."

அன்று பிற்பகல் ஊர் கூடியது.

"மனுசனா கீழ எறங்கிப் போறதா, மரமா இங்கனயே இருக்கதா? இதான் கேள்வி" என்றார் துணைத் தலைவர்.

"மரம்னு எழுதிக் குடுக்கவா நம்ம பாட்டன் மலையேறி வந்தான்?" என்றார் தவசிலிங்கம். குரலில் பழைய மைக் இல்லை.

"இருபத்தெட்டு வருசமா உங்களோட குடும்பம் நடத்துதேன்" என்றாள் செண்பகவல்லி. "எனக்கு ஒண்ணும் புதுசா வித்தியாசம் தெரியப் போறதில்ல. போடுங்க கையெழுத்தை."

சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். தங்கபுஷ்பம் மட்டும் போடவில்லை. ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் ஊர் தாவரமாகாது என்று மேகநாதன் சொல்லியிருந்தார்.

"போடுதேன்" என்றாள் அவள். "எட்டு வருசத்துக்கு முன்ன எந்த மைக்குல சொன்னிகளோ, அதே மைக்குல மாத்திச் சொல்லணும்."

மைக்கை எடுத்துவந்தார்கள். தவசிலிங்கம் அதைத் தட்டிப் பார்த்தார். எப்போதும் போல, "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கி, நிறுத்தினார். அவருக்கு அன்று காலை பார்த்த கண் ஞாபகம் வந்தது. அதில் தன் முகம் இருக்குமென்று தேடியிருந்தார். ஒன்றுமே இருக்கவில்லை. அந்த ஒன்றுமில்லாததன் பேரில்தான் ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கியிருந்தோம் என்பது மெதுவாக உறைத்தது.

"செல்லையா எந்தத் தப்பும் செய்யலை" என்றார். "ஊருக்கு வெளக்கு எரியணும்னு ரெண்டு கையிலயும் சொமந்துட்டு வந்தான். தப்பு நம்ம வாயில. இந்தக் கொடையில அவன் பேரைத்தான் மொதல்ல சொல்லணும். எங்கப்பா பேருக்கு முன்னால." நிறுத்தினார். "தங்கச்சி, கையெழுத்துப் போடு."

அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. அவள் போட்டாள்.

அதன் பிறகு மூங்கிலடியின் பெருமையை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஒரு வாரத்திலேயே புதுச் சுவரொட்டி வந்துவிட்டது: 'உலகிலேயே சட்டப்படி வனமாக அறிவிக்கப்பட்ட முதல் மனிதர்கள்!' ஊத்துப்பாறைக்காரர்களுக்குப் பதினான்காம் மாடிக்கு ஒரு பிரதி அனுப்பப்பட்டது. வம்சத்தைச் சொல்லி நடக்கும் வழக்கத்தை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்டபோது, கம்பு முக்கியம், வாய் சும்மாதானே இருக்கிறது, சொல்லிவிட்டுப் போவோம் என்று தீர்மானமாயிற்று. மூங்கில் பாதையில் நுழைகிறவர்கள் கம்பைத் தட்டி, முதலில் செல்லையா என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் பிறகு தங்கள் வம்சத்துக்கு வந்தார்கள். ராசாத்தி இதெல்லாம் தெரியாமலே கூட்டை விட்டு எழுந்து போனது. குஞ்சுகள் மஞ்சள் பட்டையோடு நூல் நூலாக வெளியேறிக் காட்டுக்குள் கலந்தன.

ஆனி மாதத்தில் ஆணையத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. வனத்தின் தாவரங்களுக்கெல்லாம் எண் போடுவது விதியாம். இரண்டு ஆட்கள், இரண்டு பெயிண்ட் டப்பா, ஒரு தூரிகை. ஊர் வரிசையில் நின்றது. இடது தோளில் எண் போட்டார்கள். ஒன்றாம் எண் தனக்குத்தான் என்று தவசிலிங்கம் சண்டை போட்டு வாங்கினார். சிவப்பில், பெரிதாக, நன்றாகவே போட்டார்கள். அன்று முழுதும் அவர் பனியன் அணியவில்லை.

ஊர் முழுதும் சிவப்பு. தங்கபுஷ்பத்துக்கு மட்டும் வெள்ளை.

"அதென்னவே, அதுக்கு மட்டும் வெள்ளை?" என்று கேட்டார் தவசிலிங்கம். சமாதானம் ஆன பிறகு அவளுக்கு ஒரு குறையென்றால் அவருக்குப் பொறுக்கவில்லை. "செவப்பு தீந்துட்டா? எங்க வீட்டுல இருக்கு, தாரேன்."

"அப்படியில்லீங்க ஐயா" என்றான் தூரிகைக்காரன். "மெஷின் பதிவைப் பாத்துதான் கலர் குடுத்திருக்காங்க. நீங்கள்லாம் நடக்கும்போது எந்த ஊர்லேர்ந்து மலையேறி வந்தீங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அந்தம்மா சொல்லலை."

"சொன்னோம்லா!" என்றார் தவசிலிங்கம், தோளை நிமிர்த்தி மனைவி பக்கம் திரும்பி. "அஞ்சு தலைமுறை! கயத்தாறு! எங்க வரலாறு கவர்மெண்டு ஏட்டுல ஏறிட்டு, பாத்தியாட்டி?"

செண்பகவல்லி தன் தோளையும் தங்கபுஷ்பத்தின் தோளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எதிர்மலையில் மொட்டையாகக் கிடந்த சரிவைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளை இந்த மண்ணின் மரத்துக்கு. சிவப்பு, ஆடியில் வெட்டப்போகும் வெளி மரத்துக்கு.